மகளுக்குப் "பாத்திமா" என்று பெயர் வைக்கலாமா? மதச் சாயல் அதிகமாகிவிடுமா?

கேள்வி: தஞ்சை மருமகள்

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. பிறப்பைப் பதிவு செய்துவிட்டோம். பெயருக்கான இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்து இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர் திண்டுக்கல்லை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த கத்தோலிக்கர். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். யாரும் மதம் மாறவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன்.

என் மாமியாரின் பெயர் பாத்திமா மேரி. முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை வைப்பது இரண்டு குடும்பத்திலும் உள்ள வழக்கம்தான். "பெயரன்", "பெயர்த்தி" என்பவைதாம் பேரன், பேத்தி என்று ஆயின என்று எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆகவே "பாத்திமா" என்றே வைக்கலாம் என்று கணவர் கேட்டபோது எனக்கு மறுப்பு எதுவும் தோன்றவில்லை. "மேரி" வேண்டாம், அது என் பக்கத்தாருக்கு ஒருதலையாகத் தெரியும் என்றும் அவரே சொன்னார்.

சிக்கல் என் அப்பாவிடமிருந்து வந்தது. "கிறிஸ்தவப் பெயர் வைப்பீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஸ்டெல்லா, ரீட்டா என்று எதையாவது வைத்தால் சொல்லிக்கொள்ளலாம். இது முஸ்லிம் பெயர் அல்லவா? நம் இரண்டு வீட்டுக்குமே சம்பந்தம் இல்லாததை ஏன் குழந்தையின் தலையில் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தபோது, அவர் சொன்ன விதம் பிடிக்காவிட்டாலும் கேள்வி என்னுள் தங்கிவிட்டது. இந்துத் தாய்க்கும் கிறிஸ்தவத் தந்தைக்கும் பிறந்த பெண், கேட்பவர்கள் எல்லாரும் மூன்றாவதாக ஒரு மதத்தை நினைத்துக்கொள்ளும் பெயரோடு வாழ்நாள் முழுவதும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்குமா? இந்தப் பெயரோடு வாழ்ந்தவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்க விரும்புகிறேன்.

பதில்: வைகைக்கரை ஆசிரியை

சகோதரி, என் பெயரும் பாத்திமாதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் பாத்திமா மேரி. உங்கள் மாமியாரின் ஊர்ப் பக்கத்தில் இது எவ்வளவு சாதாரணமான பெயர் என்பது தஞ்சாவூரில் இருக்கும் உங்கள் தந்தைக்குத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. 1917ஆம் ஆண்டு மே 13 முதல் அக்டோபர் 13 வரை போர்த்துக்கலில் பாத்திமா என்ற சிற்றூரில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா என்ற மூன்று சிறார்க்கு மாதா காட்சி கொடுத்தார் என்பது எங்கள் நம்பிக்கை. 1930இல் அந்த மறைமாவட்ட ஆயர் அதை நம்பத் தகுந்தது என்று அறிவித்தார். அதன்பின் உலகெங்கும் பாத்திமா அன்னை பக்தி பரவியது. மதுரையில் 1953இல் தொடங்கப்பட்ட பெண்கள் கல்லூரிக்குப் பாத்திமா என்று பெயர் வந்ததும் அப்படித்தான். லூர்து, வேளாங்கண்ணி, பாத்திமா ஆகிய மூன்றுமே ஊர்ப் பெயர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். மாதாவின் பெயரை நேராக வைக்காமல் மாதா வந்த ஊரின் பெயரைப் பெண்ணுக்கு வைப்பது எங்களிடம் உள்ள ஒரு வழக்கம்.

ஊருக்குள் இருந்தவரை என் பெயரைப் பற்றி நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கல்லூரி விடுதியில் ரம்ஜான் மாதத்தில் சமையல் செய்யும் அக்கா எனக்கும் ஒரு தம்ளர் நோன்புக் கஞ்சி எடுத்து வைப்பார். நான் நோன்பு வைப்பவள் அல்ல என்று முதல் ஆண்டே சொல்லிவிட்டேன். அவர் மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் இருந்தாரா என்று தெரியவில்லை, மூன்று ஆண்டும் கஞ்சி வந்தது. மூன்று ஆண்டும் குடித்தேன்.

வேலைக்காகச் சென்னைக்குப் போய் வீடு தேடியபோதுதான் பெயரின் எடை தெரிந்தது. தரகரோடு ஒரு வீட்டுக்குப் போனேன். உரிமையாளர் பெயரைக் கேட்டார், சொன்னேன். நேற்றே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்றார். தரகர் அவசரமாகக் குறுக்கிட்டு, "முழுப் பெயரைச் சொல்லுங்கள் டீச்சர்" என்றார். "பாத்திமா மேரி" என்றேன். "அட, கிறிஸ்டியனா?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தேன், அவர் நல்லவராகவே நடந்துகொண்டார். ஆனாலும் மேரி இல்லாத ஒரு பாத்திமா அதே வாசலிலிருந்து திரும்பிப் போயிருப்பாள் என்ற நினைப்பு ஒவ்வொரு மாதமும் வாடகை கொடுக்கும்போது வந்தது.

என் கருத்தைக் கேட்டால், வையுங்கள். ஆனால் உங்கள் கணவர் "மேரி"யை எடுத்துவிடலாம் என்கிறார் அல்லவா, அதன் பொருள் என்ன என்பதை இருவரும் தெரிந்துகொண்டு எடுங்கள். நான் ஒளிந்துகொண்ட இடம் உங்கள் மகளுக்கு இருக்காது.

பதில்: காயல்வாசி

எங்கள் குடும்பத்தில் மட்டும் நான்கு பாத்திமாக்கள் இருக்கிறார்கள். ஒருவரை அழைத்தால் இன்னொருவர் திரும்பிப் பார்ப்பார் என்பதால் வீட்டுப் பெயர்கள் தனியே உண்டு. நபிகள் நாயகத்தின் மகள், அலியின் மனைவி, ஹசன், ஹுசைன் ஆகியோரின் தாய் என்ற சிறப்பினால் முஸ்லிம்களிடையே இது உலகெங்கும் பரவிய பெயர். பால்குடி மறக்கச் செய்பவள் என்பது அரபு வேர்ச்சொல்லின் வழிப் பொருள். ஐந்து வாரக் குழந்தைக்கு இது சற்று முன்கூட்டியே வைக்கும் பெயர்தான்! ஆசிரியை குறிப்பிட்ட போர்த்துக்கல் ஊருக்கும் அந்தப் பெயர் அரபு மொழியிலிருந்து வந்ததுதான். அந்த நாட்டின் தென்பகுதி 13ஆம் நூற்றாண்டு வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. ஆகவே கத்தோலிக்கப் பாத்திமாவும் எங்கள் பாத்திமாவும் தற்செயலாக ஒலி ஒத்துப்போன இரண்டு பெயர்கள் அல்ல. ஒரே பெயர்தான் அரபு நாட்டிலிருந்து நேராகக் காயல்பட்டினத்துக்கும், போர்த்துக்கலைச் சுற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் ஏசுநாதரின் தாயார் மர்யம்தான். 19ஆம் அத்தியாயத்துக்கே அவர் பெயர். எங்கள் தெருவில் மர்யம்கள் பலர். அதைக் கிறிஸ்தவப் பெயர் என்று யாரும் எண்ணுவதில்லை. தமிழ் நாட்டில் பெயர்கள் இதற்கும் மேலே ஒரு படி போய்விடுகின்றன. மாரிமுத்து, சவரிமுத்து, பாத்திமுத்து என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். முதல் பாதி மூன்று வழிபாட்டைச் சேர்ந்தது. இரண்டாம் பாதி ஒரே கடலில் குளித்தது.

இவ்வளவும் சொன்னபின் கொஞ்சம் கசப்பாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, தவறாக எண்ண வேண்டாம். உங்கள் தந்தை ஸ்டெல்லா என்றால் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். ஸ்டெல்லாவும் உங்கள் தஞ்சாவூர் வீட்டுக்குச் சம்பந்தமில்லாத பெயர்தானே? அந்நியம் என்பதற்காக அவர் மறுக்கவில்லை. எந்த மதத்தைச் சேர்ந்தவளாகத் தன் பேத்தி தவறாக எண்ணப்படுவாள் என்பதுதான் அவரை உறுத்துகிறது. ஆசிரியை சொன்ன வீட்டுக்காரரைப்போல அவரும் நல்லவராகவே இருக்கலாம்.

அதற்காக, அவர் அஞ்சுவது நடக்காது என்று உங்களுக்கு நான் உறுதி கூறவும் மாட்டேன். இந்தப் பெயருக்குப் பெருமை உண்டு. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் பொறுப்பேற்று, பின்னர் 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தவர் பாத்திமா பீவி. ஆனால் வாடகை வீட்டுக்கும், வேலைக்கான நேர்காணலுக்கும், வெளிமாநில ரயில் பெட்டியில் பெயர் கேட்கும் சகபயணிக்கும் முன்னால் எங்கள் பெண்களுக்கு என்ன நடக்கிறதோ அது உங்கள் மகளுக்கும் நடக்கும். விளக்கம் சொல்லித் தப்பிக்கும் வாய்ப்பு மட்டும் அவளுக்குக் கூடுதலாக இருக்கும். அந்த வாய்ப்பை அவள் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று வளர்ப்பீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் பெயரைப் பற்றிய கேள்வி ஒன்றும் பெரிதல்ல.

பதில்: சொல்லேர்

இவ்வளவு சுற்றிவளைப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இரு மதப் பெற்றோர் என்றால் இருவருக்கும் பொதுவானது தமிழ். தமிழ்ப் பெயர் வையுங்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இதை நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். ஸ்தேபான் என்றால் கிரேக்கத்தில் மணிமுடி, ஆகவே முடியப்பன்; யோவான் என்ற பெயரில் கடவுளின் அருள் என்ற பொருள் இருப்பதால் அருளப்பன்; பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பன். லாசர் என்ற பெயருக்குக் கடவுள் உதவினார் என்று பொருள் கண்டு 1745இல் நீலகண்டனுக்குத் தேவசகாயம் என்று திருமுழுக்குப் பெயர் இட்டார்கள் (இது வடசொல்தான், ஆனாலும் நோக்கம் புரிகிறது); 2022இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது உரோமையிலும் அந்தப் பெயர்தான் ஒலித்தது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையை (யோசேப்பை) வளன் என்று எழுதினார். இன்றும் வளன் என்ற பெயரோடு ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்பவருக்கு மதம் உடனே தெரிவதில்லை.

திருச்சபைக்கும் இதில் தடையில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரைத் தவிர்க்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. புனிதர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. கயல்விழி, யாழினி, அருள்மொழி என்று எத்தனை பெயர்கள் இருக்கின்றன! வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் பிறந்த நாட்டில், பாட்டியின் பெயர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தை அரபுப் பெயரையும் அதற்கான விளக்கத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா?

பதில்: வட்ட அலுவலகத்தில் இருந்தவன்

வருவாய்த்துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கருத்தைப் பிறகு சொல்கிறேன்.

பெயர் இல்லாமல் பதிவான பிறப்புக்கு 12 மாதங்கள் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். எனவே ஐந்து வாரத்தில் அவசரப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மனம் மாறிவிட்டது என்று பதிவேட்டில் மாற்றித் தரமாட்டார்கள். அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு, அதைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து எங்கும் கொண்டுபோக வேண்டியிருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது மதம், சாதி குறிப்பிட விரும்பாதவர்கள் அந்தக் கட்டங்களை வெறுமையாக விடலாம் என்பதற்கு 1973ஆம் ஆண்டிலிருந்தே அரசாணை உண்டு. அதைத் தெரியாத அலுவலகங்களும் உண்டு. நகலைக் கையில் வைத்திருங்கள்.

பெயர் உண்மையிலேயே சிக்கல் செய்யும் இடம் ஒன்று உண்டு, அதை யாரும் இங்கே சொல்லவில்லை. உங்கள் சாதி எது என்று நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் தாய் தந்தையருள் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, அந்தப் பிரிவில் குழந்தைக்குச் சான்றிதழ் கேட்கும் எண்ணம் பின்னாளில் இருக்குமானால், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கே அது கிடைக்கும். பெயர் மட்டும் சான்று ஆகாது. ஞானஸ்நானம், வழிபாடு, வாழ்க்கை முறை ஆகியவைதாம் பார்க்கப்படும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் அவற்றைத்தான். ஆனால் விசாரணையைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் பெயர்தான். மனுவில் கிறிஸ்தவப் பெயரோ முஸ்லிம் பெயரோ இருந்தால் நாங்கள் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்போம். அது முறையா என்றால் முறையல்ல, ஆனால் கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன்.

இனி என் கருத்து. சொல்லேர் ஐயா தமிழ்ப் பெயர் என்றால் பொதுவானது என்கிறார். எங்கள் அலுவலக அனுபவத்தில் பொதுவான பெயர் என்று ஒன்றைக் கண்டதில்லை. முடியப்பன் என்றதும் கத்தோலிக்கர் என்று எழுத்தர் எழுதிவிடுவார். கயல்விழி என்றால் தந்தை எந்தக் கட்சி என்று கேட்பார். கேட்பவனுக்குப் பழக்கமில்லாதவரைதான் ஒரு பெயர் பொதுவாக இருக்கும். ஒரு முதியவர் குடும்ப அட்டையில் திருத்தம் கேட்டு ஆறு மாதம் நடந்தார். அவர் மனைவி மரியம்மாள், அட்டையில் மாரியம்மாள். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே என்பதால், ஆங்கிலப் பதிவிலிருந்து தமிழுக்கு மாற்றியவர் தமக்குத் தெரிந்த அம்மனை எழுதிவிட்டார். ஒரு கால் எழுத்தில் அந்த அம்மாளின் மதம் மாறிப்போயிருந்தது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, அரிசி வந்தால் போதும் என்றார், கணவர்தான் விடவில்லை.

ஆகவே பெயரைவிட எழுத்துக்கூட்டில் கவனமாக இருங்கள். போர்த்துக்கல் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எச் வராது. நம் ஊரில் "த" ஒலிக்கு எச் சேர்த்து எழுதுவதே வழக்கம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, கடவுச்சீட்டு ஆகிய நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கும்படி முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

பதில்: திருச்சி அத்தை

எல்லாரும் நாட்டு நடப்பைப் பேசுகிறீர்கள். வீட்டு நடப்பை ஒருவரும் பேசவில்லை. நாளைக்கு அந்தப் பெண் சுவரில் கிறுக்கினால், "ஏ பாத்திமா!" என்று மாமியார் முன்னால் எப்படிக் கத்துவாய் அம்மா? எங்கள் காலத்தில் மாமியார் பெயர் வைத்த பிள்ளையை "பெரியவளே" என்றுதான் கூப்பிடுவோம். முதலில் கூப்பிடும் பெயரைத் தேடு.

கேள்வி கேட்டவர்: தஞ்சை மருமகள்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. காயல்வாசி ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஸ்டெல்லா வரியில் நிறுத்தச் சொன்னார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. மறுநாள், "எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்பது மாறவில்லை, ஆனால் காரணத்தை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது என்று தெரிகிறது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்ப்பது சரியல்ல என்று நினைக்கிறேன்.

இத்தனை நாளும் யாரும் மாமியாரிடம் நேராகக் கேட்கவில்லை என்பது உங்கள் பதில்களைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் நான்கு பாத்திமா மேரிகள் இருந்ததால் ஆசிரியைகள் அவரைத் தந்தை பெயரோடு சேர்த்து அழைத்தார்களாம். வீட்டில் பிறந்ததிலிருந்து அவர் தங்கம்தான். பாத்திமா என்று முழுதாகத் தம்மை அழைத்தவர் மருத்துவமனையில் சீட்டு எழுதும் பெண் மட்டுமே என்றும், அந்தப் பெண் தலையில் முக்காடு போட்டவள் என்றும், "உங்கள் பெயர் என் உம்மாவின் பெயர்" என்று சொல்லி வரிசையில் நிற்க விடாமல் உட்கார வைத்தாள் என்றும் சொன்னார். தம் பெயரை வைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பாத்திமா என்றே எழுதிக் கொடுக்கப் போகிறோம், மேரி இல்லாமல். ஆசிரியை அக்கா, நீங்கள் சொன்ன சாவியைப் பற்றிக் கணவரிடம் பேசினேன். அவரும் இதுவரை வாடகை வீட்டில் தம் பெயரைச் சொல்லிச் சாவி வாங்கியவர்தான், அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை என்றார். அத்தை, கூப்பிடும் பெயர் தங்கம் என்று மாமியாரே கொடுத்துவிட்டார்; அதைச் சொல்லித் திட்டலாம் என்ற அனுமதியோடு. எழுத்துக்கூட்டுதான் நிற்கிறது. மாமியாரின் ஆதாரில் எச் இருக்கிறது, வாக்காளர் அட்டையில் இல்லை.